சிறுவயது முதல் மிதிவண்டி ஓட்டும் மனுதாரர்

கிடைக்காது என்று தெரிந்த ஒன்றைக் கேட்பதற்குத் தனி தைரியம் வரும். எனக்கு அது ஏகத்துக்கும் வந்திருந்தது. எங்கள் புதுநகருக்கு வாடகை சைக்கிள் நிறுத்தம் வேண்டும் என்று இரண்டு வருடமாக மனுவுக்கு மேல் மனு போட்டவள் நான்தான். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. (அரைகுறையாகக்கூடத் தெரியாது. தள்ளிக்கொண்டு போனாலே பெடல் வந்து கெண்டைக்காலில் இடிக்கும்.)

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்கு எதிரே உட்கார்ந்து மனு டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஊருக்குள் நாலைந்து இடங்களில் பச்சை சைக்கிள்கள் நிற்கும். போனில் ஸ்கேன் செய்தால் பூட்டு திறந்துகொள்ளும். போகிற இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் நிறுத்தத்தில் விட்டுவிடலாம். வயல்களை ஒட்டியிருக்கிற எங்கள் புதுநகருக்கு மட்டும் ‘அடுத்த கட்டத்தில்’ என்று பேரூராட்சியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டம் வருகிற வழியாகத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஆக்னஸ் தேனியில் நர்சிங் படிக்கிறாள். காலை பஸ்ஸைப் பிடிக்க இரண்டரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது பஸ்ஸை விட்டுவிடுவாள். வருகை நாட்கள் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று ஒருநாள் என் வீட்டு வாசலில் அழுதாள். பார்க்கப் பொறுக்காமல் அன்றைக்கே மனு அடிக்க உட்கார்ந்தேன்.

அங்கேதான் கெட்டது. பாதிக்கப்பட்டவர் பெயரில் இல்லாத மனு நிற்காது என்பது எங்கள் தொழில் பாடம். கைப்பழக்கத்தில் என் பெயரையே போட்டு, “மனுதாரராகிய நான் சிறுவயது முதல் மிதிவண்டி ஓட்டும் பழக்கம் உடையவள். மேற்படி வசதி இன்மையால் அன்றாடம் பெரும் அவதிக்கு உள்ளாகி வருகிறேன்” என்று தட்டிவிட்டேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் இரக்கம் வந்தது.

பதில் வராது. நினைவூட்டல் மனு போடுவேன். போனில் பிடித்து, “இன்னும் எம்புட்டு நாளைக்கு எங்களக் காக்க வைப்பீக?” என்று சத்தம் போடுவேன். அந்தத் தாமதம்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் வாசலில் வேன் வந்து நின்றது. ஆறு பச்சை சைக்கிள்கள் இறங்கின. கையில் ஃபைலோடு வந்த அதிகாரி, “மனுதாரர் நீங்கதான மேடம்? இன்னைக்கு வெள்ளோட்டம். ரிப்போர்ட் நல்லா வந்துருச்சுன்னா இங்கனயே ஸ்டாண்டு போட்டுருவோம்” என்றார்.

“நான் ஓட்டுறேன் சார்” என்று ஆக்னஸ் பாய்ந்து வந்தாள்.

“மனுதாரர்தாம்மா முதல்ல ஓட்டணும். போட்டோ எடுத்து ஃபைல்ல வைக்கணும்.”

சொன்னதோடு விட்டாரா? மனுவை எடுத்து அந்த ‘சிறுவயது முதல்’ வாக்கியத்தைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். பல் விளக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நுரையோடு வாயைப் பிளந்தார்.

“ஏன்டி, சிறுவயசு முதலா? எனக்குத் தெரியாம எப்ப ஓட்டுன?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஃபைலை மூடிவிடுவார்கள். ஆக்னஸ் படிப்பு முடிகிறவரை நடப்பாள். ஊருக்கே உறுதிமொழிப் பத்திரம் அடித்துத் தருகிறவள் சொந்த மனுவில் பொய் எழுதினாள் என்ற பேரும் சேர்ந்து வரும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

பெடலை மிதிக்கும் வேலையே வரவில்லை. எங்கள் தெரு வயலைப் பார்த்து இறக்கமாகப் போகும். சைக்கிள் தானாகக் கிளம்பிவிட்டது.

“அக்கா, பிரேக்கு! பிரேக்கப் பிடிங்கக்கா!” என்று ஆக்னஸ் பின்னாலேயே ஓடி வந்தாள்.

கையில் அகப்பட்டதை அழுத்தினேன். அது பெல். தெருமுனை வரைக்கும் விடாமல் அடித்துக்கொண்டே போனேன். தெரு வளைந்தது, நான் வளையவில்லை. சைக்கிள் வரப்பில் மோதி நின்றது. நான் மட்டும் நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்குள் போய் விழுந்தேன். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றும் கையுமாக உறைந்து போனார்கள். ஒருத்திக்கு மட்டும் பேச்சு வந்தது.

“ஏத்தா, நடவுக்கு வர்றவ நடந்து வரக் கூடாதா?”

மூச்சிரைக்க ஓடி வந்த அதிகாரி கை கொடுப்பார் என்று கையை நீட்டினேன். அவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். “தப்பா நெனைக்காதீக மேடம், ஃபைலுக்கு வேணும்.”

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. “சிறுவயது முதல் மிதிவண்டி ஓட்டும் பழக்கம் உடைய மனுதாரரே கீழே விழுந்தது நேரில் காணப்பட்டது. எனவே மேற்படி பகுதியின் சாலை மிதிவண்டிக்கு உகந்ததல்ல எனத் தெரியவருகிறது. விரிவாக்கம் ஒத்திவைக்கப்படுகிறது.”

அந்தக் கடிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நானே அடித்திருந்தாலும் அப்படித்தான் அடித்திருப்பேன். மறுப்பதற்கு இரண்டு வருடம் அவர்களுக்குக் கிடைக்காத காரணத்தை நானே டைப் அடித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆக்னஸிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். “அடுத்த மனுவ நான் எழுதுறேன்க்கா. நீங்க டைப் மட்டும் அடிங்க” என்றாள். முந்தைய மனுவில் கண்ட பழக்கம் பொய் என்று நான் கையெழுத்திட்ட தாளும் அதோடு போனது. அது இப்போது பரிசீலனையில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் வரத் தாமதமானால், “அதையும் ஓட்டிப் பாத்தியாடி?” என்கிறார் வீட்டுக்காரர். சிரித்துவிட்டுப் போகிறேன். போன வாரம் மழையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆக்னஸ் போன் செய்தாள். நடந்தே போயிருந்தாள், குரலில் இன்னும் மூச்சிரைத்தது.

“அக்கா, இன்னும் பஸ் வரல. நீங்க எதுவும் ஓட்டிப் பாத்தீகளா?”