மடி காத்த மாரிசெல்வம்

வாழ்க, வாழ்க! பனிமலை முகட்டில் இமை கொட்டாது எல்லை காத்தவன் வாழ்க! முறுக்கிய மீசையன், முறம்போல் மார்பினன், புறமுதுகு என்னும் சொல்லையே அறியாதவன், ஹவில்தார் மாரிசெல்வம் வாழ்க! அம்மாவீரன் ராஜபாளையத்துத் தங்கை வீட்டுக் குளியலறையில், நீலநிறப் பிளாஸ்டிக் டப்பின் கரையிலே, தன்னந்தனியனாய் நின்று பொருத பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம். கேட்போர் யாரும் இப்போதே மூக்கைப் பொத்த வேண்டாம். வேளை வரும்போது நாமே சொல்லுவோம்.

போருக்குக் காரணம் ஒரு மடி. தங்கை நாகஜோதியின் ஒரே மகளும், இரண்டு வயது நிரம்பியவளும், பாற்பல் சேனை வரிசையாய் முளைத்தவளும் ஆகிய நாச்சியாருக்கு அன்று முற்பகல் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் இருத்தித்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்பது முறை. அந்த ஒரு மடிக்காகவே மேலதிகாரியிடம் கெஞ்சி லீவு பெற்று, ரயில் மாறி ரயிலேறி, முந்தின நாள் வந்து இறங்கியிருந்தான் நம் தலைவன். அந்தோ! வீடியோ காலில் அவன் முகத்துக்கு முத்தமழை பொழிந்த அதே மருமகள், மீசையை நேரில் கண்டதும் வீறிட்ட வீறலில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் எடுபடவில்லை.

அதைக் கண்ட பெரியம்மா வெள்ளத்தாய், விடிந்ததும் விடியாததுமாகக் கூடத்தின் நடுவே நின்று தீர்ப்புரைத்தாள்.

"ஏலே மாரி, பிள்ள ஒன்னயக் கண்டாலே வீறிடுதா. சபையில அழுதா நல்லாவா இருக்கும்? எம் மகன் சந்தனம் மடியில வச்சிருவோம். அவனும் மாமன்தானே. சேத்தூர்ல இருந்து வாரந்தவறாம பைக்குல வந்து பிள்ளயத் தூக்குதவன் அவன்தான்."

பட்டுவேட்டி சரசரக்க, செண்டு கமகமக்க, தாயின் பின்னே அடக்கமாய் நின்றிருந்தான் சந்தனம். உண்மையைச் சொன்னால் மாரிசெல்வத்துக்கு அழுகையே வந்தது. எனினும் அடலேறு அழலாமா? தோளில் கிடந்த துண்டை உதறி, அவன் வஞ்சினம் உரைத்தான்:

"பெரியம்மா! பிள்ளைய நானே குளிப்பாட்டித் தூக்கிட்டு வாரேன். அதுக்குப் பொறவும் எங்கிட்ட ஒட்டலேன்னா, மடி சந்தனத்துக்கு!"

அச்சூளுரை கேட்டுக் கூடத்து மின்விசிறியும் சுழல மறந்து நின்றது. கரண்ட் போயிருந்தது.

நாகஜோதி அண்ணனுக்குப் படைக்கலம் வழங்கினாள். மக்கு ஒன்று, சோப்பு ஒன்று, பூத்துவாலை ஒன்று. டயப்பர்ப் பையைப் பாத்ரூம் ஆணியில் மாட்டி, "குளிப்பாட்டுனதும் மறக்காம ஒண்ணப் போட்டு விட்டுருண்ணே" என்று சொல்லிச் சேலை கட்டப் போனாள். ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. வெந்நீர் வயிற்றில் பட்ட சற்று நேரத்தில் நாச்சியார் பேச்சை நிறுத்துவாள், விட்டத்தைப் பார்ப்பாள், அக்கணமே அவளைத் தூக்கிவிட வேண்டும். அன்றாடம் செய்து பழகிய காரியமாதலால் தாய்க்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை.

மூண்டது போர். மலர்ப்பாதங்கள் இரண்டும் எழும்பி வீரனின் மூக்கைத் தாக்கின. சோப்பு பறந்து வாளிக்குள் ஒளிந்தது. கண்ணில் நுரை, காதில் ஓலம், பனியனில் பெருவெள்ளம். ஆயினும் அவன் அசரவில்லை. மக்கைத் தன் தலையிலே கவிழ்த்துக்கொண்டு யானைபோல் பிளிறினான். ஓலம் விக்கலாயிற்று. இன்னொரு பிளிறலுக்கு விக்கல் சிரிப்பாயிற்று. பின்பு அவள் மக்கைப் பிடுங்கி அவன் தலையில் நீர் ஊற்றலானாள். அவனும் பட்டாபிஷேகம் கொள்ளும் மன்னனைப்போல் தலைதாழ்த்தி ஏற்றுக்கொண்டான். சட்டென்று பேரமைதி. நாச்சியார் டப்புக்குள் எழுந்து நின்று, ஒரு கையால் மாமன் மீசையைப் பற்றி, முகம் சிவக்க, விட்டத்தை நோக்கி அசைவற்றிருந்தாள்.

எல்லையில் எதிரியின் அமைதியை ஒருநாளும் நம்பாதவன், அந்தோ, இதை அன்பென்று நம்பினான்!

"எல்லாரும் ஓடி வாங்க! பிள்ள எங்கிட்ட ஒட்டிட்டா! மீசையப் பிடிச்சிட்டு எம்புட்டு அமைதியா நிக்கா பாருங்க!"

வந்தார்கள். வெள்ளத்தாய் வந்தாள். நாச்சியாரின் தந்தை கௌதம்ராஜ் செல்போனை உயர்த்தியபடி வந்தான். சந்தனம் பட்டுவேட்டியோடு முன்னால் வந்து எட்டிப் பார்த்தான். புலிக்கும் அஞ்சாத குலத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் வீட்டு நாயும் வந்தது. அவர்கள் அனைவரும் காண, டப்பின் நீர்ப்பரப்பிலே, ஒன்றன்பின் ஒன்றாக, மரக்கலங்கள் மிதந்து வந்தன.

இப்போது பொத்திக்கொள்ளலாம்.

"அய்யய்யோ!" என்று வெள்ளத்தாய் அலறினாள். கௌதம்ராஜ் வாசல்வரை போய்த்தான் மூச்சு விட்டான். நாய் அவனுக்கும் முன்னால் போயிருந்தது. கூச்சலில் மிரண்ட குழந்தை, பழகிய முகத்தை நாடி இரு கைகளையும் சந்தனத்தை நோக்கி நீட்டியது.

"ஏம்மா, பட்டுவேட்டிம்மா!" என்று சந்தனம் பின்வாங்கினான்.

நீட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. உதடு பிதுங்கியது. அடுத்த கணமே மாரிசெல்வம் முழங்கைவரை அப்பெருங்கடலுள் கைவிட்டு, கப்பலென்றும் படகென்றும் பாராமல், அவளை வாரியெடுத்து மார்போடு அணைத்தான். "பிள்ளதானே! போனாப் போகுது. மாமா இருக்கேன்ல?" என்றான். அவள் அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். அவனுக்கு நாற்றமே தெரியவில்லை.

பின்பு டப்பைக் கவிழ்த்து, பினாயிலால் களத்தைக் கழுவி, இரண்டாம் குளியல் முடித்து, சாம்பிராணிப் புகை காட்டும்போதும் அவள் அவனைவிட்டு இறங்கவில்லை. "சொல்லணும்னு எனக்குத் தோணலியேண்ணே" என்று சிரித்துச் சிரித்து நாகஜோதிக்குக் கண் நிறைந்தது. வெளியே கார் ஹாரன் அலறியது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் பட்டுப்பாவாடையை அவசரமாக மாட்டிவிட்டு எல்லோரும் காரில் பாய்ந்து ஏறினார்கள்.

கேளீர்! ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்திலே, புதுப் பட்டுவேட்டி தரித்த மாரிசெல்வத்தின் மடியே அரியணையாக நாச்சியார் அமர்ந்தாள். சந்தனம் பழத்தட்டு ஏந்தி நின்றான். ஆசாரி காதில் பொற்கம்பி ஏற்ற, அவள் "மாமா" என்று ஒரே குரல் கொடுத்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மாமன் மடின்னா இதாம்லே மடி!" என்று வெள்ளத்தாயே சபையறிய முழங்கினாள்.

அவ்வேளையில் அவ்வீரனின் வலத்தொடையில் தோன்றிய ஓர் இளஞ்சூடு, அருவியாகி, ஆறாகி, பட்டின் சரிகைக்கரை கடந்து பாயலாயிற்று. போட்டோகிராபர் எழுந்து நிற்கச் சொன்னார். சொந்தபந்தம் சொன்னது. பந்தியில் இலை போட்டாயிற்றென்றும் சொன்னார்கள். பகைவர் ஆயிரம் வரினும் பெயராத பாறையென, முகத்தில் முறுவல் மாறாமல், மருமகளை இன்னும் இறுக அணைத்தபடி, பெற்ற மடியை விட்டுக்கொடாது வீற்றிருந்தான் மாரிசெல்வம்.

டயப்பர்ப் பை ராஜபாளையத்தில் பாத்ரூம் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.