தவளைக்குக் குழாய் கட்டியவர்

இந்தத் தாலுகாவில் தன் காது செவிடாகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டு மைக்செட்டுதான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பாளையம்பட்டியில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் என்று எங்கே விசேஷமோ அங்கே குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர் தொழில். பயப்படுவது முழுநேர வேலை.

அவர் பயந்தவை, வரிசைப்படி: மேகமே இல்லாத வானம். மேகம் இருந்தும் பெய்யாத வானம். பெய்தால், மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போய்விடுமோ என்பது. மாசியிலேயே சித்திரை வெயில் அடிப்பது.

பயத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியாது. ஒரு காதுகுத்தில் பந்தி நடக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் கேட்டார்: "சாப்பிடுற சொந்தங்களே, போர் போட்டுத் தண்ணி வராதவுக கையத் தூக்குங்க."

பாதிப் பந்தி தூக்கியது. சாம்பார் வாளியோடு நின்றவரும் தூக்கினார்.

"சரி, இந்த ஊர்ல இனி புள்ளைக பொழைக்க முடியாதுன்னு நெனைக்கிறவுக?"

மீதிக் கைகளும் எழுந்தன. அதற்குப் பிறகு பாயசத்தை யாரும் தொடவில்லை. குழந்தையின் தாய்மாமன் ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். "ஏலே, நீ காதுகுத்துக்கு வந்தியா, கருமாதிக்கு வந்தியா?"

போன வருடம் ஐப்பசி முழுக்க ஏமாற்றிய மழை, கார்த்திகையில் ஒருவழியாகப் பெய்தது. திருச்சுழிப் பக்கம் அவருடைய சொந்த ஊர்க் கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர். பார்க்கப் போனவர் முகம் செத்துத் திரும்பினார். புதுத் தண்ணீர் வந்தால், பொழுது சாயும் நேரத்தில் தவளைகள் போடும் சத்தத்தில் கரையில் நின்று பேச முடியாது. இந்தத் தடவை ஒன்றுகூடக் கத்தவில்லை.

தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் ராஜாமணி அக்காவுக்கு மைக்செட்டைக் கிண்டல் செய்யாமல் அடுப்பு பற்றாது. "காலம்பூரா குழாய்க்குப் பக்கத்துல நின்ன காது. இடி விழுந்தாலே கேக்காது. இதுல தவளையக் குத்தம் சொல்ல வந்துட்டீக."

அவர் முகம் அப்படித் தெளிந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அப்படியும் இருக்குமோ? இருந்தா நல்லதுதான், ராஜாமணி. கேடு ஒரு செவிடனோட போயிரும்ல."

மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தார். வயதுக்குக் காது மிக நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். தீராத வியாதி என்று சொல்லிவிட்டதுபோல் வந்து வாசலில் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. நான் அளவீட்டுக் கருவிகள் பற்றிப் படித்தவள் என்பதால் வழக்கு என்னிடம் வந்தது.

"ஏம்மா, டாக்டரு மிஷினு பொய் சொல்லுமா?"

"ரொம்ப நாளா சரிபாக்காம வச்சிருந்தா சொல்லலாம், சித்தப்பா."

"அப்ப உன் மிஷின எடுத்துட்டு வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்மாய்க் கரையில் குழாய் கட்டினார். ஊரில் எப்போதும் குழாய் வீடுகளைப் பார்த்துத்தான் இருக்கும். இவர் தண்ணீரைப் பார்த்துக் கட்டினார். கோரை மண்டிய ஓரத்தில் என் மைக். அதில் விழும் சத்தம் என் லேப்டாப்பில் கோடாக ஓடும். ஏற்பாடு இதுதான்: ஊரார் ஒவ்வொருவராக வந்து, தங்களுக்கு நினைவிருக்கும் தவளைக் குரலை மைக்கில் கொடுக்க வேண்டும். குழாய் அதைக் கண்மாய்க்குச் சொல்லும். பிறகு எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய நகரங்களில் இதற்குக் கலை என்று பெயர் வைத்து, ஏசி போட்ட அறையில் நடத்துவார்கள்.

எங்கள் பக்கத்தில் மைக்கைக் கையில் கொடுத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. முதலில் வந்தவர் விழாக் கமிட்டிக்கு நன்றி சொன்னார். அடுத்து வந்த அம்மா, "ஒத்தக் கொம்பு, கழுத்துல செவப்புக் கயிறு. கண்டவுக புடிச்சுக் கட்டி வைங்க" என்று காணாமல் போன தன் ஆட்டைப் பற்றிக் கண்மாய்க்கு அறிவித்தார்.

"ஆட்ட விடு ஆத்தா! தவளையக் கூப்பிடு!" என்று மைக்செட்டு கத்தினார்.

அதன்பிறகுதான் கச்சேரி களைகட்டியது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அடித்தொண்டையில் "கொர்ர்ராக்" என்று கொடுத்ததில் பக்கத்தில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். பால்காரர் "வக், வக்" என்றார். அது வாத்து என்று தகராறு வந்தது. கல்லூரி மாணவன் ஒருவனுக்குத் தவளை எப்படிக் கத்தும் என்றே தெரியவில்லை. போனில் தேடினான். வேடிக்கை பார்ப்பதற்கென்றே பஸ் ஏறி வந்திருந்த ராஜாமணி அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கொடுத்த குரலில் கரையே சிரித்தது. சிரித்து ஓய்ந்தபின் காத்திருந்தோம்.

பதில் இல்லை.

மறுபடியும் ஒரு சுற்று. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"ஏப்பா, போன வருசம் கத்துச்சா?" என்று பால்காரர் மெதுவாகக் கேட்டார்.

ஒருவருக்கும் தெரியவில்லை. எப்போது நின்றது என்பதையே யாரும் கவனித்திருக்கவில்லை. வாத்தியார் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாணவன் போனைப் பைக்குள் போட்டான்.

என் மைக்கில் பதிவானவை: காற்று, தூரத்து மோட்டார், யாரோ இருமியது. அவ்வளவுதான்.

மைக்செட்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். மைக் இல்லாமல் அவர் குரல் இவ்வளவு சின்னது என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"எனக்குத்தானய்யா கேக்கல? உங்களுக்கெல்லாம் கேக்குதுல்ல?"

ராஜாமணி அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"கூறுகெட்ட மனுசா, இந்தக் கத்து கத்துது! உமக்கு மட்டும் விழலையாக்கும்?"

"ஆமா, அந்த மடைப் பக்கம் ஒண்ணு கத்துது" என்றார் பால்காரர்.

"ஒண்ணா? கூட்டமா கத்துதுகய்யா" என்றார் ஆட்டைத் தொலைத்த அம்மா. வாத்தியார் தலையை மட்டும் ஆட்டினார்.

மைக்செட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்டத் தொடங்கினார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்பிய மனிதரைப் போல நிதானமாகச் சுருட்டினார்.

என்னிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லேப்டாப்பை மூடிவிட்டு, "எனக்கும் கேக்குது சித்தப்பா" என்றுதான் சொல்லியிருப்பேன்.