கருத்துக்கள நீதவானின் ‘ஓம்’

ஒஸ்லோவுக்கு அருகே லோறென்ஸ்கூக்கில் யாரோ ஒருவர், சும்மா கிடந்த ஓர் இணையத்தளப் பெயரை நோர்வே நிறுவனம் ஒன்றுக்கு விற்று, வந்த காசில் வீடே வாங்கிவிட்டாராம். யார் அவர்? தெரியாது. சொன்னது பக்கத்து வீட்டு வின்சென்றின் மச்சான். மச்சானுக்குச் சொன்னவர் அடுத்த தரிப்பிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்.

இந்தக் கதை 2006இல் ஒஸ்லோவைச் சுற்றிவர, நம்மவர்கள் கண்ட கண்ட பெயர்களைப் பதிந்தார்கள், பதிந்ததை இணையத்தில் ஓடும் தமிழ்க் கருத்துக்களத்தில் கூவி விற்றார்கள், விற்ற கையோடு சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டைகளில் பிறந்த இனந்தான் கருத்துக்கள நீதவான். யாரும் நியமிக்காதவர். சம்பளம் இல்லாதவர். லீவும் எடுக்காதவர்.

வெஸ்ட்லியில் குடியிருக்கும் அருளானந்தனையே பாருங்கள். “நீர் தாறன் எண்டனீர்”, “நான் எப்ப ஐசே சொன்னனான்?” என்று களத்தில் இரண்டு பேர் தொடங்கினால் போதும், சாப்பாடு ஆறிப்போக, மனைவி அருள்நாயகி கூப்பிடக் கூப்பிட, கதிரையை இழுத்துப்போட்டு, “நான் ஒரு பக்கமும் சாயாதவன்” என்று முதல் வரி எழுதி, ஏழு பந்தியில் ஒரு பக்கம் சாய்ந்து, “இத்துடன் விடயம் முடிவுற்றது” என்று தடித்த எழுத்தில் முடிப்பார். அவருடைய தீர்ப்புகளில் தலையாயது இது: விலை கேட்டபின் விற்பவர் ‘ஓம்’ என்றால் பெயர் கைமாறிவிட்டது. ஓம் என்றால் ஓம்தான். “அது சாமி கும்பிடுறதுன்னுல்ல நெனச்சேன்!” என்று, சும்மா விலை கேட்டு மாட்டிக்கொண்ட சென்னைக்காரர் ஒருவர் எழுதிய முறைப்பாடும் தள்ளுபடி.

போன கிழமை பியோர்ண்டாலிலிருந்து மரியரஞ்சனி தொலைபேசி எடுத்தார். கேக் செய்பவர், வேலையை விட்டுவிட்டு இந்தச் சனிக்கிழமை சொந்தக் கடை திறக்கிறார். கடையின் பெயரை இணையத்தில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று முன்பே பதிந்து வைத்திருப்பவர் நம் நீதவான்.

“அண்ணை, ஐந்நூறு குரோனருக்குத் தருவியளோ?”

“ஓம்.”

“அப்ப போர்டிலை அடிக்கக் குடுக்கட்டே?”

“ஓம், ஓம்.”

போர்டு அடித்தாயிற்று. இரண்டாயிரம் துண்டுப்பிரசுரமும் வீடு வீடாகப் போய்விட்டது. மறுநாள் வேறொரு பேக்கரி முதலாளி அதே பெயருக்குப் பத்து மடங்கு தருவதாக எழுதினார். உடனே களத்தில் புதிய விளக்கம் ஒன்று தோன்றியது: “ஓம் பலவகைப்படும். சம்மத ஓம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் ஓம், ஆளை விட்டால் காணும் ஓம். தொலைபேசியில் வருவது பெரும்பாலும் இரண்டாவதே.”

“உந்த இலக்கணத்தை அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோவன்” என்றார் அருள்நாயகி.

“நான் ஒரு பக்கமும் சாயேல்லையப்பா.”

“சாயேல்லைத்தான். விழுந்தே போனியள்.”

சிரிக்கிறீர்களா? அடுத்தவன் வழக்கில் சொல்லைப் பிடித்துக்கொண்டு, தன் வழக்கில் மட்டும் கருத்தைத் தேடுகிறவர்கள் வெஸ்ட்லியில் மட்டுமா குடியிருக்கிறார்கள்? நீங்கள் கடைசியாகச் சொன்ன ‘ஓம்’ எந்த வகை? ஆறுதலாக யோசியுங்கள்.

இங்கே வெள்ளிக்கிழமை பின்னேரமாகிவிட்டது. தொலைபேசி அடிக்கிறது. திரையில் மரியரஞ்சனியின் இலக்கம். அருளானந்தன் கையை நீட்டுகிறார், இழுக்கிறார். எடுத்தால் வாயில் எந்தச் சொல் முந்தும் என்று அவருக்குத் தெரியும். நோர்வேக்காரரைப்போலப் பெயரைச் சொல்லி எடுக்கலாமா என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறார்: “அருளானந்தன்.” சரிவரவில்லை.

“இஞ்சாருங்கோ, அதை எடுங்கோவன்!” என்று குசினியிலிருந்து அருள்நாயகி கத்துகிறார்.

“ஓம்” என்கிறார் நீதவான்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.