இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் உத்தமர்

எங்கள் ரியால்டோ ஊரில் தெருவுக்கு ஒருவராவது இந்த இனத்தைச் சேர்ந்தவர் இருப்பார். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். காலை ஆறு மணிக்கு அவர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கிளப்பும்போது உங்கள் அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், நாய் கட்டிலுக்கடியில் போகும், கைக்குழந்தை விழித்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கும். இவ்வளவு ஆர்ப்பாட்டமும் எதற்கு? நாற்பதடி தள்ளியிருக்கும் சிக்னலில் போய் நிற்பதற்கு.

தொழிற்சாலையிலிருந்து வந்த எதையும் வந்தபடி விட்டுவைப்பது இவர் ஜாதகத்திலேயே கிடையாது. பத்து என்ஜினியர்கள் பத்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த சைலன்சரை "அது ஒரு அடைப்பு" என்று கழற்றிப் போடுவார். காற்று வடிகட்டி வண்டிக்கு மூச்சுத் திணறல் தருகிறது என்று அதையும் கழற்றுவார். புகையைச் சுத்தம் செய்வதற்கென்றே வயிற்றுக்கடியில் ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறதே, அதைக் கழற்றிய தேதியைப் பிள்ளையின் பிறந்தநாளைப் போல நினைவு வைத்திருப்பார். ஒவ்வொன்றையும் கழற்றிய பிறகு, "இப்ப எப்படி மூச்சு விடுது பாத்தீங்களா?" என்று கேட்பார். மூச்சு விடுவது வண்டி. இருமுவது நாம்.

ஆனால் கலிபோர்னியா அரசாங்கம் விட்டுவிடுமா? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். வண்டியைப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். குழாயில் வரும் புகை அளவுக்குள் இருக்க வேண்டும். அது போதாது, பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் பிறந்த மேனிக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டின் மூலையில் ஒட்டும் வருடச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாமல் தெருவில் இறங்கினால் போலீஸ். கடிதத்தைக் கண்டதும் இவர் உத்தமராகும் படலம் ஆரம்பமாகும். (என்னிடம் இருப்பது 1974-ஆம் வருடத்துப் பிக்கப். அவ்வளவு கிழட்டு வண்டிகளுக்குச் சட்டமே விலக்கு அளித்துவிட்டது. அது செங்கல் சூளை மாதிரி புகை விட்டுக்கொண்டு நிம்மதியாக ஓடுகிறது. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன்.)

என் எதிர்வீட்டு டேரல் ஹாஸ்கின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடங்களுக்கு ஏசி மாட்டுவது வேலை. வண்டி 1993-ஆம் வருடத்தது. சிவப்பு, இரண்டே இருக்கை, பித்தானை அமுக்கினால் முன்விளக்குகள் தூங்கி எழுந்த கண் போலத் திறந்துகொள்ளும். கழற்றிய அசல் பாகங்களை இவர் எறிவதில்லை. எப்படி எறிவார்? சோதனை நாளன்று மாட்ட வேண்டாமா? எனவே அசல் சைலன்சர் கட்டிலுக்கடியில், அசல் வடிகட்டிப் பெட்டி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால், அசல் கன்வெர்ட்டர் என் கொட்டகையில். விசேஷத்துக்கு நகையை எடுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி, இரண்டு வருடத்துக்கு ஒரு வாரம் எல்லாவற்றையும் எடுத்து மாட்டி, சோதனை முடிந்த மறுநாளே கழற்றி உள்ளே வைத்துவிடுவார்.

இந்தத் தடவை விஷயம் முற்றிவிட்டது. டேரலின் மனைவி இமெல்டா கட்டிலிலிருந்து இறங்கும்போது அந்த சைலன்சரில் இடித்துக்கொண்டு கால் கட்டைவிரல் நகத்தைப் பறிகொடுத்தாள். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, தீர்ப்புச் சொன்னாள்.

"போன தடவை நாலு தரம் ஃபெயிலாகி மூணு மாசம் இழுத்தே. இந்தத் தடவை ஒரே ஒரு சான்ஸ். மே முப்பத்தொண்ணுக்குள்ள பாஸ் ஆகலேன்னா வண்டிய வித்துடணும். கராஜ்ல என் வண்டி நிக்கும்."

"பாஸ் ஆயிடும், இமெல்டா. எழுதித் தரட்டுமா?"

"எழுத வேணாம். கைய நீட்டு."

டேரல் கை கொடுத்தார். பத்தொன்பது வருடமாக அவரிடம் இருக்கிற வண்டி. சிரிப்புக்கு நடுவே இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த மனுஷனுக்கு உலகத்தில் அதைப்போல வேறொன்றும் பிடிக்காது.

அடுத்த பத்து நாளும் டேரல் வண்டிக்கடியிலேயே குடியிருந்தார். வேகத்துக்காக மாட்டியிருந்த டர்போவும் குழாய்களும் இறங்கின, அசல் பாகங்களெல்லாம் வண்டிக்குத் திரும்பின. எண்ணெய் மாற்றினார், பெட்ரோல் டாங்கில் ஏதோ ஒரு திரவத்தை ஊற்றி, கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பானெட்டுக்கு உள்ளே பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தார். ஒன்றே ஒன்றைத்தான் மாற்றவில்லை. பக்கத்து இருக்கைக் கம்பளத்துக்கு அடியில், என்ஜினின் அசல் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் கையாலேயே பற்றவைத்த ஒரு சின்னப் பெட்டி. பெட்ரோல் எப்போது எவ்வளவு போக வேண்டும் என்று தொழிற்சாலை சொன்னதை ஒதுக்கிவிட்டு டேரல் சொன்னதைக் கேட்கும் பெட்டி அது.

"இத எடுக்கலையா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? பதினோரு வருஷமா அஞ்சு இன்ஸ்பெக்டர் பாத்துட்டாங்க. ஒருத்தர் கண்ணுக்கும் படல."

"பட்டுட்டா மாட்டறதுக்குப் பழசு இருக்கா?"

"அசல் கம்ப்யூட்டரா? அது ஒண்ண மட்டும் தூக்கி எறிஞ்சு எத்தன வருஷம் ஆச்சு!"

மே முப்பதாம் தேதி புறப்பட்டோம். ஆமாம், நானும்தான். இமெல்டா வாசலுக்கு நொண்டிக்கொண்டே வந்து சொன்னாள்: "பென், நீங்களும் கூடப் போங்க. வண்டிய நான் நம்பறேன். இவன் வாயத்தான் நம்பல."

என்ஜின் சூடாக இருந்தால் புகை குறையும் என்பது இந்த இனத்தின் வேதம். ஆகவே ஒரு மைல் தூரத்தில் இருக்கும் சோதனை நிலையத்துக்கு, ஃப்ரீவேயில் இருபத்திரண்டு மைல் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் டேரல் பேசவில்லை. பேசாமல் இருந்து பழகிக்கொள்கிறாராம்.

சோதிக்க வந்தவள் யெசேனியா என்ற இளம்பெண். வண்டியை உருளைகள்மேல் ஏற்றி ஓட்டினாள். வாலில் ஒரு குழாயைச் செருகினாள். திரையில் எண்கள் ஓடின. டேரல் பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர் போல நின்றார். எண்களெல்லாம் அளவுக்குக் கீழே. அப்புறம் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குனிந்து வயிற்றுக்கடியில் பார்த்தாள். கன்வெர்ட்டர் இருந்தது, சைலன்சர் இருந்தது, வடிகட்டி இருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். இன்னும் ஒரு பித்தானை அமுக்கினால் சான்றிதழ் நேராக அரசாங்கத்துக்குப் போய்விடும். நான் மனசுக்குள் இமெல்டாவுக்குச் செய்தி அனுப்பவே ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பெண் சும்மா இருந்திருக்கக் கூடாதா? நல்ல மனசு, பாராட்டினாள்.

"சார், ரொம்ப அழகா வச்சிருக்கீங்க. ஒரு ஸ்க்ரூவக்கூடத் தொடல போலிருக்கு."

டேரலின் கை போன் இருந்த பாக்கெட்டைத் தடவியது.

"எங்க பெரியம்மாகிட்ட இப்படித்தான் ஒரு வண்டி. ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு மட்டும் எடுப்பாங்க. வாங்கினப்ப எப்படியோ அப்படியே இருக்கும்."

நான் டேரலின் காலை மிதித்தேன்.

"ஆனா இந்த மாடல் கொஞ்சம் மெது, இல்ல சார்?"

இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். பயனில்லை. பெற்ற பிள்ளையைத் திட்டினால் பொறுத்துக்கொள்வார். இதை எப்படிப் பொறுப்பார்?

"மெதுவா? ஏம்மா, எதப் பாத்து மெதுங்கற?" போன் வெளியே வந்துவிட்டது. "இந்தா பாரு, இது போன வருஷம். இந்த டர்போ பாத்தியா? இந்தக் குழாய் பாத்தியா? எல்லாம் வீட்ல இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வா, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். அப்ப சொல்லு மெதுன்னு."

நான் இருமினேன். என் பிக்கப்பே அப்படி இருமியிருக்காது. யெசேனியா தங்கமான பெண். போனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சார், வீட்ல என்ன இருக்குன்னு நான் கேக்கல. என் முன்னாடி என்ன நிக்குதோ அதான் எனக்குக் கணக்கு. பேசாம இருங்க, ஒரு நிமிஷம்."

பாருங்கள், கதவைத் திறந்துவைத்து, "ஐயா, தப்பிச்சுப் போங்க" என்கிறாள். டேரல் போனாரா?

"உன் முன்னாடி நிக்கறதுலயே ஒண்ணு இருக்கே, நீ கண்டே பிடிக்கலையே!"

தடுப்பதற்குள் கார் கதவைத் திறந்தார், கம்பளத்தைத் தூக்கினார், அந்தப் பெட்டியைக் காட்டினார். "என் கையால பத்த வச்சது. ஒயர் எங்க போகுதுன்னு பாரு. அம்சமா இல்ல?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்குத்தான் கத்தும்.

யெசேனியாவின் முகம் வெளுத்துவிட்டது. மெல்ல எழுந்து நின்றாள்.

"சார், உண்மையச் சொல்லுங்க. நீங்க கவர்மென்ட் அனுப்பின ஆளா?"

அவள் பயந்ததில் நியாயம் உண்டு. சோதிப்பவர்களைச் சோதிக்க இங்கே அரசாங்கம் வேஷம் போட்ட வாடிக்கையாளர்களை அனுப்பும். வண்டியில் வேண்டுமென்றே ஒரு குறையை வைத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்தும் பாஸ் போட்டால் லைசென்ஸ் காலி.

"நானா? சேச்சே! ஏசி மாட்டறவன்மா நான்."

"அப்ப எதுக்கு சார் காட்டினீங்க?"

டேரல் வாயைத் திறந்தார். மூடினார். அன்றைக்கு அவர் வாய் தானாக மூடியது அந்த ஒரு தடவைதான்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்பத் தெரிஞ்சுபோச்சு. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். கண்கூடக் கலங்கியிருந்தது. பித்தானை அமுக்கினாள். ஃபெயில்.

அசல் கம்ப்யூட்டர் தேடி ஊரெல்லாம் போன் போட்டோம். உடைத்த வண்டிகள் விற்கும் இடங்களில் கேட்டோம். ஒருவரிடம் இருந்தது, வந்துசேர மூன்று வாரம் ஆகும் என்றார். இருந்ததோ ஒரு நாள்.

வாசலிலேயே இமெல்டா நின்றிருந்தாள். "என்ன ஆச்சு?"

"வண்டி பாஸுதான்," என்றார் டேரல். "நான்தான் ஃபெயில்."

இமெல்டா என்னைப் பார்த்தாள். நான் அவர்கள் வீட்டு எலுமிச்சை மரத்தை மிகவும் கவனமாகப் பார்த்தேன்.

கொடுத்த கை கொடுத்ததுதான். ஜூன் இரண்டாம் வாரம், வண்டியை வாங்கிய ஒருவர் பக்கத்து மாநிலமான நெவாடாவிலிருந்து டிரெய்லர் கொண்டுவந்தார். டேரல் கழற்றி வைத்திருந்த டர்போவையும் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, குழந்தைக்கு மருந்து வேளை சொல்வதைப்போல, எதை எப்படி மாட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆள் தலையாட்டிக்கொண்டே சங்கிலியைப் பூட்டினார். கடைசியில் இமெல்டாதான், கராஜையே ஜெயித்த இமெல்டாதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேரல், ஒரே ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிட்டு அனுப்பு" என்றாள். கிளப்பினார். அசல் சைலன்சரோடு அது பூனைபோல முனகியது. என் வீட்டுத் தட்டு ஒன்றுகூட அசையவில்லை. அதைக் கேட்டதும்தான் டேரல் உட்கார்ந்து அழுதார்.

படித்துவிட்டு, "ஐயோ பாவம், முட்டாள்" என்று சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டு வாசலில் சிவப்புக் கார் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் வருகிற திங்கட்கிழமை உங்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற நாள். நாலு நாளாக இனிப்பைத் தொடவில்லை, சாதத்தைப் பாதியாக்கிவிட்டீர்கள், அலமாரியில் கிடந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு காலையில் நடக்கிறீர்கள். வரட்டும், எண்கள் எல்லாம் அளவுக்குள்தான் வரும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பரவாயில்லையே, நீங்க ஸ்வீட்டே சாப்பிடறதில்ல போலிருக்கு!" என்று ஒரு வார்த்தை பாராட்டுவார்.

அந்த நேரத்தில் காலை மிதிக்கப் பக்கத்தில் நான் இருக்கமாட்டேன்.