சேர் இல்லாத நேரத்து ராசா

வகுப்பு மொனிட்டர் என்றோர் இனம் உண்டு. பள்ளிக்கூடத்தோடு அற்றுப்போகும் இனம் அது, சாதாரண தரச் சோதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார்கள் என்றுதானே நினைத்திருந்தீர்கள்? இல்லை. அது வளரும். மீசை வைக்கும். அரசாங்க உத்தியோகம் எடுக்கும். அன்னதானத்துக்கு இலை முன்னே நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது யாரும் கேட்காமலே "காலை மடக்கி இரிங்க" என்று வரிசையைச் சரிசெய்பவரும், செத்தவீட்டில் அழுதுகொண்டு வருகிறவர்களை மறித்து "செருப்பை அந்தக் கரையில கழட்டுங்க" என்பவரும், பஸ் கொண்டக்டர் தேநீர் குடிக்க இறங்கிய இடைவெளியில் எழுந்து நின்று "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று அதட்டுபவரும் வேறு வேறு ஆட்கள் என்று குழம்ப வேண்டாம். இனம் ஒன்றுதான்.

அதிலே நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல மாதிரி, அழகரத்தினம்.

ஆறாம் வகுப்பில் ஒருநாள் கணக்குப் பாட சேர் வெளியே போகும்போது, கதவோரம் இருந்த பையனைப் பார்த்து, "டேய், கதைக்கிறாக்கள்ற பேரை எழுதி வை" என்றார். கதவோரம் இருந்தவன் அழகரத்தினம். அவ்வளவுதான் நடந்தது. அவனிடம் எந்தத் திறமையையும் அவர் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் கரும்பலகை முன்னே போய்த் திரும்பி நின்றபோது, வகுப்பு முழுவதும் தன்னைக் கண்டு வாயை மூடிக்கொண்டதை அந்தப் பையன் பார்த்துவிட்டான். அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. பெயரை எழுதாதே என்று உயிர்ச் சிநேகிதன் உப்புத் தூளோடு மாங்காய் நீட்டினான். அழகரத்தினம் மாங்காயைத் தின்றான், பெயரையும் எழுதினான். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை.

இப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், விவசாயிகளின் உரத்தையும் தண்ணீரையும் கவனிக்கும் ஒரு கமநல சேவை நிலையத்தில் இரண்டாவது ஆள். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், அங்கே நாமும் உரம் எடுக்கப் போக வேண்டியிருக்கிறது. பொறுப்பதிகாரி மங்கையற்கரசி மெடம் கூட்டத்துக்கென்று டவுனுக்குப் புறப்பட்டால் போதும், ஜீப் முடக்குத் திரும்புமுன் இவர் எழுந்துவிடுவார். கைகள் தாமாக முதுகுக்குப் பின்னே போய்க் கோத்துக்கொள்ளும். மேசைகளுக்கு நடுவே நடை தொடங்கும்.

"றஞ்சிதா, என்ன அங்க சத்தம்?"

"உரத்துக்கு ஆக்கள் வந்திரிக்காங்க சேர். எப்ப வருமெண்டு கேக்காங்க."

"மெதுவாக் கேக்கச் சொல்லுங்க."

மெடம் திரும்பி வந்து கைப்பையை மேசையில் வைக்குமுன் ஒப்புவித்தல் நடக்கும். "கேதீசன் ரெண்டு தரம் வெளிய போனவர், மெடம். றஞ்சிதா போன்ல சிரிச்சவ." மெடம் "ஓம் ஓம்" என்று காற்றாடியைப் போடுவார். வீட்டிலும் இதே கதைதான். மனைவி அன்னப்பூரணி கல்லடிக்குத் தமக்கை வீட்டுக்குப் போய் வந்தால், மகள் எத்தனை மணிவரை தூங்கினாள் என்பது வாசற்படலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இந்த இனத்தின் அதிகாரமெல்லாம் ஆசிரியர் வெளியே போனதால் வருவது, அவர் திரும்பி வருவார் என்பதால் செல்லுபடியாவது. ஆசிரியரே வராத வகுப்பில் மொனிட்டர் என்ன செய்வார்? அழகரத்தினம் அதை யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய காலம் வந்தது.

மங்கையற்கரசி மெடத்துக்குத் திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்தது. நிலையங்களுக்கெல்லாம் மேலதிகாரியான உதவி ஆணையாளர் அழகரத்தினத்தைக் கூப்பிட்டுத் தற்காலிகமாகப் பதில் பொறுப்பைக் கொடுத்தார். "பெரும்போக ஆரம்பக் கூட்டத்தை ஒழுங்கா நடத்தி முடிங்க. மறுகா கதிரை உங்களுக்குத்தான், நான் எழுதி அனுப்புறன்" என்றார். அழகரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைவிட இளையவர்கள் வந்து வந்து அந்தக் கதிரையில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து மனம் புண்ணாகிப் போன மனிதர் அவர். அந்தக் கதிரை அவருக்கு வேண்டும். உண்மையாகவே வேண்டும். அன்னப்பூரணி கல்லடித் தமக்கைக்கும் ஆரையம்பதிச் சொந்தக்காரருக்கும் அன்றைக்கே போன் எடுத்துச் சொல்லிவிட்டாள்.

கதிரையில் ஏறிய முதல் நாளே ஒரு சங்கடம். அறைக்குள்ளிருந்து பார்த்தால் ஊழியர்கள் தெரியவில்லை. கதிரையை இழுத்து வாசலில் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் சொல்வதற்கு நெஞ்சு நிறையச் சேர்ந்துவிட்டது. சொல்ல ஆளில்லை. திருகோணமலைக்குப் போன் எடுத்தார்.

"மெடம், கேதீசன் இண்டைக்கும் பிந்தித்தான் வந்தவர்."

"அழகரத்தினம், இப்ப நீங்கதானே பொறுப்பு? நீங்களே கேளுங்க."

"ஓம் மெடம். உங்களுக்கும் சொல்லி வைப்பம் எண்டு."

கூட்ட நாள் வந்தது. ஆரம்பக் கூட்டம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மாரிமழையோடு வரும் பெரும்போக விதைப்புக்கு முன்னால் அந்தப் பகுதி விவசாயிகளெல்லாம் கூடி, குளத்துத் தண்ணீரை என்றைக்குத் திறப்பது, மாடுகளை என்றைக்குள் வயலைவிட்டு வெளியேற்றுவது என்று திகதி வைப்பார்கள். அதை அமைதியாக வைத்ததாகச் சரித்திரம் இல்லை. மேட்டு வயற்காரர் கத்துவார், பள்ளத்து வயற்காரர் கத்துவார், மாட்டுக்காரர் கதிரையில் ஏறி நின்று கத்துவார், எல்லோருக்கும் தொண்டை அடைக்கும் நேரத்தில் ஒரு திகதி தானாக வந்து விழும். கத்தல்தான் கூட்டம்.

வட்டை எனும் வயல்வெளியின் தண்ணீரையும் வேலியையும் பார்க்க விவசாயிகள் தெரிந்தெடுத்த வட்டை விதானை வீரகத்தி முதலில் எழுந்தார். "இந்த முறை தண்ணியக் கெதியாத் துறக்கணும் சேர், போன முறை எங்கட வட்டையில..."

"கையை உயர்த்திற்றுக் கதையுங்க" என்றார் அழகரத்தினம்.

வீரகத்தி கையை உயர்த்தினார். உயர்த்திய கையோடு என்ன சொல்ல வந்தோம் என்பதை மறந்து உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் ஒரு குரல், "அப்ப மாட்டை நாங்க எங்க கொண்டு..."

"ஆரது? எழும்பி நில்லுங்க. பேரென்ன?"

எழுந்து நின்றவருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கையையும் கட்டிக்கொண்டார். அதோடு சரி. மண்டபம் முழுவதும், வேளாண்மையில் கிழடு தட்டிய மனிதர்களெல்லாம், கைகட்டி வாய்மூடி உட்கார்ந்துவிட்டார்கள். அழகரத்தினத்தின் நெஞ்சு விம்மியது. இப்படியோர் அமைதியை அவர் ஆறாம் வகுப்புக்குப் பிறகு கண்டதில்லை. அதைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை. தேநீர் வந்தது, பனிஸ் வந்தது, அதையும் சத்தமில்லாமல் தின்றுவிட்டு எல்லோரும் போனார்கள்.

கடைசி மோட்டார் சைக்கிள் வெளியேற, உதவி ஆணையாளரின் ஜீப் உள்ளே வந்தது.

"பிந்திப் போச்சு. கூட்டம் எப்பிடி?"

"இலையான் பறக்கிற சத்தம் கேட்டிச்சு சேர். அவ்வளவு அமைதி."

"நல்லது. என்ன திகதி வெச்சீங்க?"

"எந்தத் திகதி சேர்?"

"தண்ணி துறக்கிற திகதி. மாடு வெளியேத்துற திகதி. அதுக்குத்தானே கூட்டம்?"

அழகரத்தினத்துக்கு அப்போதுதான் விளங்கியது. "ஒராளும் கதைக்கல்ல சேர்."

"கதைக்கல்லயா? இந்த ஆக்களா? ஆர் அவங்களக் கதைக்க விடாமப் பண்ணினது?"

மழை என்று சொல்லியிருக்கலாம். விவசாயிகளுக்குள் சண்டை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பெரியவர் வந்து நின்று "ஆர்?" என்று கேட்டால், அழகரத்தினத்தின் வாய் யோசிப்பதில்லை. நிமிர்ந்து நின்றார்.

"அழகரத்தினம், சேர்."

சொன்ன பிறகுதான் சொன்னது யாரை என்று தெரிந்தது. ஆனாலும், பல நாளாக நெஞ்சுக்குள் தேங்கிக் கிடந்ததெல்லாம் இறங்கியதுபோல ஒரு சுகம். சொல்வதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார் அல்லவா?

அடுத்த கிழமை உதவி ஆணையாளரே முன்னால் இருந்து கூட்டத்தை மறுபடி நடத்தினார். கத்திய கத்தலில் மண்டபத்துக் கூரை நின்றதே பெரிது. திகதி கிடைத்தது. கதிரை, அழகரத்தினத்தின் மகள் வயதுள்ள சிவானுஜா என்ற பெண்ணுக்குப் போனது.

"கள்ளன் கூடத் தன்னக் காட்டிக் குடுக்க மாட்டான். நீங்க குடுத்திட்டு வந்திரிக்கீங்க" என்றாள் அன்னப்பூரணி. அவருக்கும் வலித்தது. சோறு இறங்காத அளவுக்கு வலித்தது.

ஆனால் சிவானுஜா மெடம் முதன்முதலாக டவுனுக்குக் கூட்டத்துக்குப் போன காலையில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். ஜீப் முடக்குத் திரும்பவில்லை, எழுந்துவிட்டார். முகத்தில் பழைய வெளிச்சம். "கேதீசன், எங்க போறீங்க?" என்று கேட்ட குரலில் பத்து வயது குறைந்திருந்தது.

பாவம் என்கிறீர்கள். சிரிக்கவும் சிரிக்கிறீர்கள். சரி, உங்களிடம் ஒரு கேள்வி. நாளைக்கு உங்களுக்கு மேலே உள்ள கதிரை காலியானால், அதில் ஏறி இருப்பீர்களா, இன்னொருவர் வந்து இருக்கும்வரை அதைக் காவல் காப்பீர்களா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு யாரைக் கேட்டுப் பதில் சொல்வது என்று யோசித்தபோது ஒரு முகம் உங்கள் நினைவில் வந்துபோனதே, அந்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் எங்கள் அழகரத்தினமும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.