மாட்டி பாபுவின் எண்பது தட்டுகள்

ஒரு பொருள் கெட்டுப்போனால் சந்தோஷப்படுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். தொண்ணூறுகளின் நடுவில், கல்கத்தா லேக் கார்டன்ஸில், நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் அவர் இருந்தார்.

சணல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அதிகாரி. திருநெல்வேலிக்காரர், ஐம்பது தாண்டியவர், தனி ஆள். வீட்டுக்கார அம்மா அவரை ‘மாட்டி பாபு’ என்பார். மாட்டி என்றால் வங்க மொழியில் மண். தமிழ்க் காதுக்கோ எதிலோ வசமாக மாட்டிக்கொண்டவர் என்றுதான் படும். இரண்டுமே பொருந்தின.

காரணம், கொல்லைப்புறம். கோணித் துண்டு, அந்த ஊரில் சாப்பாட்டுத் தட்டு தைக்கிற சால் மரத்து இலை, பிளாஸ்டிக் பை என்று கையில் கிடைத்ததையெல்லாம் அங்கே புதைத்து, மேலே நம்பர் எழுதிய மூங்கில் குச்சி நட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோண்டிப் பார்ப்பார். கோணி மக்கியிருந்தால் பிள்ளை பாஸான முகம். பிளாஸ்டிக் பை பளபளவென்று வெளியே வந்தால் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார். மற்ற நாட்களில் மட்டும் பேச யார் இருந்தார்கள்? மாடியில் நான் ஒருவன். வங்கி வேலையில் மாற்றலாகி வந்தவன், பாஷை தெரியாதவன், ஞாயிற்றுக்கிழமைகளைக் கண்டால் பயப்படுகிறவன்.

உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சி அவரே ஒரு பை செய்தார். அதை நம்பி நான் கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பும்போது மழை. பஸ் ஸ்டாப்பில் கத்தரிக்காய்கள் ஆளுக்கொரு திசையில் உருண்டன. என் கையில் சணல் கைப்பிடி மட்டும் மிஞ்சியது. சண்டை போடுவதென்றே வீட்டுக்கு வந்தேன். அவர் பேனாவைத் திறந்துகொண்டு, “எத்தனை நிமிஷம் தாங்குச்சு தம்பி?” என்றார். நான் பதினொன்று என்றேன். மறுபடி யோசித்துச் சரியாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த ஜனவரியில், அந்த ஊர்த் தமிழர்களின் சங்கம் பள்ளிக்கூட ஹால் ஒன்றில் நடத்தும் பொங்கல் விருந்துக்குச் சணல் கூழில் தட்டுகள் செய்து கொண்டுபோனார். அன்று பிளாஸ்டிக்கே கூடாது என்று வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கும்பிட்டுச் சொன்னார். சர்க்கரைப் பொங்கல் வரைக்கும் தட்டு மானத்தைக் காப்பாற்றியது. சாம்பார் வந்தது. முதலில் சங்கச் செயலாளரின் பட்டு வேட்டி, பிறகு வரிசையாக எல்லாருடைய மடியும். ஹாலே ஒரே நேரத்தில் எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். இவர் துண்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் துடைத்துவிடப் போனார். யாரும் துடைக்க விடவில்லை.

மறு வருஷம் எனக்கு அழைப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து தபால்காரரைக் கேட்டில் மறித்து விசாரித்துக்கொண்டிருந்தார். என் அழைப்பைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

பொங்கலன்று காலை, மடிப்புக் கலையாத வேட்டியோடு பூனைபோல் மாடியிறங்கினேன். அவர் கதவு திறந்திருந்தது. உள்ளே வரும்படி கையைக் காட்டினார். கட்டில், மேஜை, ஜன்னல் திண்டு எல்லா இடத்திலும் தட்டுகள். எண்பது. உள்ளே சால் இலை, வெளியே சணல் கூழ். டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து அழுத்தி, மொட்டைமாடியில் காயவைத்து, ஒவ்வொன்றாக ஒரு வருஷமாகச் செய்திருக்கிறார்.

“இந்தத் தடவை ஒழுகாது” என்றார். பிறகு, மெதுவாக, “அழைப்புத்தான் வரல. மறந்திருப்பாங்க.”

என்னையும் கூப்பிடவில்லை என்று சொன்னேன்.

என் வேட்டியைப் பார்த்தார். நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார். ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.

தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கொதிக்கிற சாம்பாரை என் தட்டில் ஊற்றிவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பத்து நிமிஷம். அரை மணி. ஒரு சொட்டு இறங்கவில்லை. தட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, ஈரமில்லாத விரலை என்னிடம் நீட்டினார். பிறகு, வேறு யாராவது பார்க்க மாட்டார்களா என்பதுபோல வாசற்பக்கம் திரும்பினார். வாசலில் யாரும் இல்லை.

அதன் பிறகுதான் பேச ஆரம்பித்தார். சணல், ஆற்று வண்டல், கல்யாணம் தட்டிப்போனது, அம்மா இறந்தபோது டிக்கெட் கிடைக்காமல் ஹவுரா ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தது. ஆறிப்போன சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். திடீரென்று நிறுத்தினார்.

“ரெண்டு மணி நேரமா நானே பேசிக்கிட்டிருக்கேன். போறேன்னே சொல்லலியே நீங்க.”

எனக்கு எங்கும் போகவேண்டியதில்லை என்றேன். அது மட்டும் பொய் இல்லை.

அந்த ஊரில் ஆறு பொங்கல் கழித்திருக்கிறேன். இப்போது நினைத்துப் பார்த்தால், யாரோடோ சேர்ந்து சாப்பிட்டதாக நினைவிருப்பது அந்த ஒன்றுதான்.