கோழிக்குப் பிடித்த பேய்

எழுபத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலம். ரேஷன் அரிசிக்குக்கூட அந்தத் தேயிலை எஸ்டேட்டில் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. மலையெங்கும் ஒரே பேச்சு: போன வருஷம் செத்துப்போன நர்ஸ் ஞானஜோதி, பேயோட்டி சங்கையா மேல் இறங்கியிருக்கிறாள்!

அந்த எஸ்டேட்டுக்கு வந்த முதல் நர்ஸ் ஞானஜோதி. ஊசிக்குப் பயந்து தேயிலைச் செடிக்குள் ஒளிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் குத்தியவள். பேயோட்டிகளைத் துடைப்பத்தால் விரட்டியவள். அவளே பேயாய்த் திரும்பி வந்தது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

சங்கையாவின் தலையில் வெள்ளைத் தொப்பி. கையில் நர்சம்மாவின் காய்ச்சல் பார்க்கும் குழாய். அதை வந்தவர்களின் அக்குளில் வைப்பான். பாதரசம் ஏறினால் பேய். எல்லோருக்கும் ஏறியது. பிறகு ஓங்கி உதறுவான். பாதரசம் இறங்கும், பேய் போயிற்று. காணிக்கை ஒரு கோழி.

ராமுத்தாயின் முறை வந்தது. மடியில் மகள் பூமாரி, காய்ச்சலில் கண் திறக்கவில்லை. சங்கையா குழாயை வைத்தான், உதறினான்.

"பேய் போயிருச்சு தாயி. கோழிய வச்சிட்டுப் போ. ஆஸ்பத்திரி மருந்து ஒரு சொட்டு உள்ள போச்சு, திரும்பி வந்துரும்!"

ராமுத்தாய் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். அடுப்புக்கல்லாகச் சுட்டது.

"இன்னும் கொதிக்குதே சாமி?"

"அது பேய் போன சூடு."

ராமுத்தாய்க்கு ஒன்று நினைவு வந்தது. பிள்ளை மிரளக் கூடாதென்று ஞானஜோதி முதலில் குழாயைத் தன் அக்குளில்தான் வைத்துக் காட்டுவாள்.

"நர்சம்மா மொதல்ல தனக்குத்தான் வச்சுக் காட்டும். நீங்களும் வச்சுக் காட்டுங்க."

"சாமிக்கு வச்சா குழாய் வெடிச்சுரும்!"

"அப்ப கோழிக்கு வைப்போம்."

சொன்ன வேகத்தில் குழாயைப் பிடுங்கி, கோழியின் இறக்கைக்குள் செருகி அமுக்கிக்கொண்டாள். சற்று நேரத்தில் எடுத்துப் பார்த்தால், பாதரசம் பூமாரிக்கு ஏறியதைவிட மேலே நின்றது. கோழிக்கு உடம்பு எப்போதும் நம்மைவிடச் சூடு. பாவம், சங்கையாவுக்கு அது தெரியாது.

"எம் புள்ளையவிட இதுக்குல்ல பெரிய பேய் பிடிச்சிருக்கு!"

"மலைப்பேய்... கோழியையும் பிடிக்கும்," என்றான் சங்கையா.

ராமுத்தாய் தானே குழாயை உதறினாள். பாதரசம் சறுக்கி இறங்கியது.

"போயிருச்சு! எம்மேல எந்த நர்சம்மாவும் இறங்கலையே?"

வரிசையிலிருந்து சுருளியம்மாள் குரல் கொடுத்தாள்: "ஏ சங்கையா, இத்தன கோழியத் தின்னியே! அந்தப் பேயெல்லாம் உன் வயித்துக்குள்ளயா குடியிருக்கு?"

வரிசையே சிரித்தது. தொப்பி ஒரு பக்கம் விழ, சங்கையா ஒரு பக்கம் ஓடினான். ராமுத்தாய் பூமாரியைத் தோளில் போட்டு, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மருந்து உள்ளே போனது. மறுவாரம் பூமாரி அந்தக் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

ஞானஜோதி உயிரோடு இருந்து காசு வாங்காமல் சொன்னபோது காதில் வாங்காதவர்கள், செத்த பிறகு கோழி கொடுத்துக் கேட்கப் போனார்கள். குழாயை உதறினால் பாதரசம்தான் இறங்கும். ஒரு தடவை அவரவர் தலையையும் உதறிப் பாருங்கள். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று தெரிந்துவிடும்.